இறங்குவது பின்பாதியில்

பேட்டரி. எரிபொருள் பம்ப். ரேடியோ.
ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்திவிட்டுக்
கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்.
முள் நகரும் வரை எதையும் தொடக்கூடாது.
இதை மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
கட்டபெட்டு ஃபேக்டரியில் ஒன்பது வருடமாய்
டிரையர் முள்ளைப் பார்த்து நிற்கிறவன் நான்.
அவசரப்பட்டால் அங்கே தூள் கருகும்,
இங்கே இன்ஜின்.

மற்றதெல்லாம் தெரியாது.
அறுநூற்றுப் பதினான்கு பக்கக் கையேட்டைக்
குன்னூர் ஜெராக்ஸ் கடையில் பாதிதான் அச்சடித்தேன்.
காசு அவ்வளவுதான் இருந்தது.
ஆக, முந்நூற்றேழாம் பக்கம் வரை நான் விமானி.
சுடுவது முன்பாதியில் வருகிறது.
இறங்குவது பின்பாதியில்.

ஜாய்ஸ்டிக் பிரின்ஸ்லியிடம் வாங்கிய பழையது,
இடப்பக்கம் கொஞ்சம் இழுக்கும்.
மேசையோடு அதைக் கட்டியிருப்பது
இலைச்சாக்கு தைக்கிற சணல்.
வெளியே பத்தடி தள்ளி நிற்கும் சில்வர் ஓக் கூடத்
தெரியாத ஜூலை மூடுபனி.
திரையில் நான் மேகமே வைக்கவில்லை,
வைத்தால் கம்ப்யூட்டர் திணறும்.
கோடநாடு காட்சிமுனைக்குப் போய்
வெள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள்
என் வீட்டுக்கு வரலாம்.

ஏறுவேன். சரிவேன்.
சாலையில் ஒரு லாரி வரிசையைத் தேர்ந்துகொண்டு
மூக்கைத் தாழ்த்துவேன்.
அது ஒரே வாரத்தில் கைவந்துவிட்டது.
இறங்குவதுதான்.
வேகம் கூடினால் ஓடுதளம் போதாது,
குறைந்தால் கல்.
முப்பத்தெட்டு முறை இறங்கினேன்,
முப்பத்தெட்டு முறையும் புகை.
நடுவில் ஒருதரம் கரண்ட் போய்
உயிர் தப்பினேன்.

லைன் வீட்டில் சுவர் என்பது பேச்சுக்கு.
முப்பத்தொன்பதாவதின்போது கதவு தட்டப்பட்டது.
பக்கத்து வீட்டு சுகிர்தமலர்,
ஃபேக்டரியில் பச்சை இலை எடைக் கணக்கெழுதுகிறவள்,
ஈரத்தலை, பாதிப் பின்னல்.
"இது கிபிர் இல்லையே," என்றாள்.
இல்லை, பழைய மிக், என்றேன்.
"ஓம். கிபிர் எண்டால் அது போன பிறகுதான் சத்தம் வரும்."
நின்ற இடத்திலேயே
சியாமாசெட்டி, அவ்ரோ, ஹெலி என்று
குருவி பார்க்கிறவர்கள் சொல்வதுபோல்
ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓசை வைத்திருந்தாள்.
எதையும் சரியாகப் பார்த்ததில்லையாம்.
பங்கருக்குள் கண்ணுக்கு வேலை இல்லை.

சத்தத்தைக் குறைக்கப் போனேன்.
"பரவாயில்லை, விடுங்கோ."
அதற்குள் சக்கரம் தரையில் பட்டு ஒடிந்து
விமானம் இரண்டு கரணம் அடித்தது.
அவள் சிரித்துவிட்டாள். நானும்.
"இவ்வளவு கஷ்டமோ இறங்கிறது?"
பிறகு பின்னலின் மீதியைப் பின்னியபடி,
"அவங்கள் எல்லாரும் ஒழுங்காத்தான் இறங்கினவங்கள்.
இறங்கிச் சாப்பிட்டிருப்பாங்கள்."

படியில் கால் வைத்தவள் திரும்பிக் கேட்டாள்:
"மரத்துக்குக் கீழ நிண்டால்
மேலயிருந்து தெரியுமோ?"

அன்றிரவு லாரிகளைப் போகவிட்டேன்.
காட்டின் மேல் வட்டமிட்டேன்,
ஆயிரம் அடி, ஐந்நூறு,
இறக்கை கிளையில் உரசும் உயரம்.
எரிபொருள் முள் இறங்கிக்கொண்டே இருந்தது.
மரமெல்லாம் அட்டை. பக்கவாட்டில் கீறலாய்த் தெரிகிறது.
அடியில் நிழல் வரைந்திருக்கிறார்கள்,
நிற்க இடம் வரையவில்லை.
யாரையாவது நிறுத்திப் பார்க்கலாம் என்று
பட்டியலைத் திறந்தேன்.
டாங்கி உண்டு, ரேடார் வண்டி உண்டு,
துப்பாக்கி ஏந்தியவன் மூன்று நிறச் சீருடையில் உண்டு.
தலை துவட்டிக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை.

காலையில் தராசடியில் போய்ச் சொன்னேன்,
தெரியாது.
பதினெட்டரைக் கிலோ என்று எழுதிக்கொண்டிருந்தவள்
நிமிரவில்லை.
"உங்கட மரத்தில இலை இருந்திருக்கும்."
அடுத்த சாக்கைத் தூக்கி வைத்தார்கள்.